நெருப்பின் வரவு செலவு

(ஹட்டனில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச வந்திருப்பது நெருப்பைப் பற்றி. எரிகிற பொருளிலிருந்து எவ்வளவு வெப்பம் பிறக்கிறது, அது எங்கெங்கே போகிறது என்ற வரவு செலவைப் பற்றி. கணினி வைத்துப் போடும் கணக்கைச் சொல்லவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில், இங்கேயே உட்கார்ந்து, ஏறத்தாழப் போட்டு முடிக்கிற கணக்கைச் சொல்கிறேன். அந்தச் சின்னக் கணக்கு நம்முடைய தேயிலை ஸ்டோர் உலைக்கும் பொருந்தும். பாறையைப் பிளக்கிற வெடிமருந்துக்கும் பொருந்தும். வானத்துக்கு ஏறுகிற ரொக்கெட்டுக்கும் பொருந்தும். உலகத்தின் பெரிய விஞ்ஞானிகள் வெடிபொருள்களின் எரிதலைப் புரிந்துகொண்டதும் இப்படிப்பட்ட தோராயக் கணக்குகளால்தான்.

மலையில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். தராசில் மாட்டியவுடன் தண்ணீருக்கு இவ்வளவு, பைக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். அந்தக் கழிவு நியாயமா என்று நம் தாய்மார்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். அது தனி வழக்கு, பெரிய வழக்கு. ஆனால் ஒன்று. ஈரத்துக்கு ஒரு விலை உண்டு என்பதை இந்த மலைநாட்டில் யாருக்கும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கொழுந்தின் ஈரத்தைக் கழிக்கிறோம். அடுப்புக்குள் போகிற விறகின் ஈரத்தை யார் கழிக்கிறார்கள்?

முதலில் ஸ்டோருக்குள் போவோம்.

ஒரு கிலோ தேயிலைத் தூள் வேண்டுமென்றால் ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மீதி மூன்றரைக் கிலோவும் தண்ணீர். அதில் பெரும்பங்கு வாட்டும் தொட்டியிலேயே காற்றோடு போய்விடுகிறது. வாட்டி, அரைத்து, நொதிக்க விட்டு, ட்ரையருக்கு வரும்போது ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ 1.2 கிலோ தண்ணீர்தான் மிச்சம். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2.4 மெகா யூல் வெப்பம் வேண்டும். அப்படியானால் ட்ரையரின் உண்மையான தேவை ஒரு கிலோ தூளுக்கு மூன்று மெகா யூலுக்குக் கொஞ்சம் குறைவு.

நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோ 14 மெகா யூல் தரும். அப்படியென்றால் ஒரு கிலோ தூளைக் காயவைக்க எவ்வளவு விறகு போதும்? 200 கிராம்! ஆனால் தொழிற்சாலைகளில் எவ்வளவு எரிகிறது? ஒன்றரைக் கிலோ, இரண்டு கிலோ, சில இடங்களில் அதற்கும் மேலே. மீதி எல்லாம் எங்கே போனது?

திருட்டு என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். கணக்கை இன்னும் ஒரு படி இறக்கிப் பார்ப்போம். இதற்கு மூன்று வெப்பமானிகள் போதும். வெளிக்காற்று 20 பாகை. ட்ரையருக்குள் நுழைகிற சூடான காற்று ஏறத்தாழ 95 பாகை. ஈரத்தைச் சுமந்துகொண்டு வெளியேறுகிற காற்று ஏறத்தாழ 54 பாகை. காற்றுக்கு நாம் கொடுத்தது 75 பாகைச் சூடு. தேயிலை வாங்கிக்கொண்டது 41 பாகைச் சூடு. நூற்றுக்கு 55 பங்கு வேலை செய்தது, 45 பங்கு கூரைக்கு மேலே போனது. இது முதல் செலவு. உலையின் சுவர், புகைபோக்கி, காற்றைச் சூடாக்கும் குழாய் இவற்றில் போவது அடுத்த செலவு. மழை மாதங்களில் வாட்டும் தொட்டிக்கும் சூடான காற்று அனுப்ப வேண்டியிருக்கிறதே, அது இன்னொரு செலவு. இப்படிக் கூட்டிக்கொண்டே வந்தால் இரண்டு கிலோ விறகு எப்படிக் கரைகிறது என்று தெரிந்துவிடும்.

வெளியேறுகிற காற்றின் சூட்டை இன்னும் இறக்கி மிச்சம் பிடிக்கலாமே என்று கணக்குத் தெரிந்த மாணவன் ஒருவன் கேட்பான். நல்ல கேள்விதான். ஆனால் அதற்குப் பதிலைத் தேயிலை தயாரிக்கிற டீமேக்கரிடம்தான் கேட்க வேண்டும். அந்தச் சூடு 50 பாகைக்குக் கீழே இறங்கினால் தேயிலை காய்வதற்குப் பதிலாக அவிந்துபோகும், சுவை கெட்டுப்போகும். ஆகவே அந்த 45 பங்கில் பெரும்பகுதி தவிர்க்க முடியாத செலவு. அங்கே கை வைக்கக் கூடாது. கணக்கின் அருமை இதில்தான் இருக்கிறது. எந்தச் செலவைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்று அது பிரித்துக் காட்டுகிறது.

சரி, குறைக்கக்கூடிய செலவு எது? உலை வாசலுக்கு வாருங்கள். வெட்டி இரண்டு வாரம்கூட ஆகாத டர்பன்டைன் மரக்கட்டை ஒன்றை உள்ளே தள்ளுகிறார்கள். கதவு திறந்திருக்கும்போது உற்றுப் பாருங்கள். கட்டையின் வெட்டுமுனையில் நுரை தள்ளும். சீறிக்கொண்டு தண்ணீர் கொப்பளிக்கும். பக்கத்துக் கட்டை சுடர்விட்டு எரிகையில் இது மட்டும் கறுத்துப்போய் வெண்புகை விட்டுக்கொண்டு கிடக்கும். தீ போடுகிற தொழிலாளி நீண்ட கம்பியால் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். ஏன் எரியவில்லை?

"ஈரத்தை ஆவியாக்கவே சூடெல்லாம் போய்விடுகிறது" என்றுதான் நாம் எல்லோரும் சொல்வோம். கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஈரமே இல்லாத மரம் ஒரு கிலோவில் ஏறத்தாழ 18.5 மெகா யூல் இருக்கிறது. பச்சை மரத்தில் ஒரு கிலோ மரத்தோடு ஒரு கிலோ தண்ணீரும் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஆவியாக்க 2.4 மெகா யூல் செலவு. மீதி 16. காய்ந்த விறகில் கால் கிலோ தண்ணீர்தான் இருக்கும். செலவு 0.6, மீதி 17.9. பதினாறு எங்கே, பதினெட்டு எங்கே? வித்தியாசம் பத்தில் ஒரு பங்குதான்!

அன்பர்களே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். கணக்கு பத்தில் ஒரு பங்கு என்கிறது. கண்ணோ, கட்டை எரியவே மறுக்கிறது என்கிறது. யார் சொல்வது சரி?

இரண்டும் சரி. நாம் இன்னும் பாதிக் கணக்குத்தான் போட்டிருக்கிறோம். வெப்பம் எவ்வளவு என்று பார்த்தோம். அந்த வெப்பம் எத்தனை கிலோ வாயுவுக்குள் பரவுகிறது என்று பார்க்கவில்லை. ஒரு கிலோ மரம் எரிய ஆறு கிலோ காற்று தேவை. நடைமுறையில் உலைக்குள் அதைப்போல் இரு மடங்கு புகுந்துவிடும். அந்தக் காற்றையும் நீராவியையும் அந்த வெப்பம்தான் சூடாக்க வேண்டும். வகுத்துப் பாருங்கள். காய்ந்த விறகின் சுடர் ஏறத்தாழ 1,150 பாகைக்கு ஏறலாம். பச்சை விறகின் சுடர் 930 பாகையைத் தாண்டாது. இருநூறு பாகைக்கு மேல் இறக்கம்!

இருநூறு பாகை இறங்கினால் என்ன? இரசாயனத் தாக்கத்தின் வேகம் வெப்பநிலையோடு சேர்ந்து மெல்ல மெல்ல ஏறுவதில்லை, பாய்ந்து ஏறுகிறது. சுவீடன் நாட்டு விஞ்ஞானி அர்ரேனியஸ் 1889ஆம் ஆண்டில் இந்த உறவை விளக்கினார். சுடர் இருநூறு பாகை இறங்கும்போது எரியும் வேகம் பத்தில் ஒரு பங்கா குறையும்? பல மடங்கு சரியும். எரிந்து முடியாத வாயு புகையாக வெளியே ஓடும். அந்தப் புகைதான் நம்முடைய உண்மையான நட்டம்.

இப்போது, வெடிமருந்து பாறையைப் பிளந்த சிங்கமலைச் சுரங்கத்துக்குப் போவோம்.

ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே அந்தச் சுரங்கத்துக்குள் ரயிலில் போகாதவர் இந்த மண்டபத்தில் இருக்க முடியாது. அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளம். ரயில் பாதை ஹட்டனுக்கு 1884இல் வந்தது, நானுஓயாவுக்கு 1885இல் போனது. அந்தக் காலத்தில் பாறைக்குள் வழி திறந்தது கடப்பாரையும் வெடிமருந்தும் நம் முன்னோர்களின் தோளும்தான். 

ஒரு கேள்வி கேட்கிறேன். கருமருந்து என்ற வெடிமருந்து ஒரு கிலோவில் அதிக வெப்பம் இருக்கிறதா, ஒரு கிலோ விறகில் அதிக வெப்பம் இருக்கிறதா? பாறையைப் பிளக்கிற மருந்தில்தான் அதிகம் என்று தோன்றும். உண்மை என்ன? கருமருந்தில் ஏறத்தாழ 3 மெகா யூல். டி.என்.டி. என்ற கடும் வெடிபொருளில் நாலரைக்குள். ஈரமே இல்லாத விறகில் 18!

அப்படியானால் பாறையைப் பிளந்தது எது? விறகு தன் ஒட்சிசனைக் காற்றிலிருந்து கடன் வாங்குகிறது. கருமருந்தோ அதைத் தன் வெடியுப்புக்குள்ளேயே சுமந்து வருகிறது. விறகின் கணக்கிலும் அதற்குத் தேவையான ஆறு கிலோ காற்றைச் சேர்த்து ஏழு கிலோவால் வகுத்துப் பாருங்கள். கிலோவுக்கு 2.6 மெகா யூல். கருமருந்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது பார்த்தீர்களா? சக்தியின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசமெல்லாம் வேகத்தில். காற்று வரும்வரை காத்திருக்க வேண்டிய நெருப்பு ஒன்று. காத்திருக்கத் தேவையில்லாத நெருப்பு இன்னொன்று.

அந்த வேகத்தை எது தீர்மானிக்கிறது? சிங்கமலைப் பக்கம் ரயில் பாதை நெருங்கி வந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1883ஆம் ஆண்டில், பிரான்ஸ் நாட்டில் மல்லார், லெ ஷாத்தலியே என்ற இரண்டு சுரங்கப் பொறியியலாளர்கள் இந்தக் கேள்விக்கு ஒரு விடை எழுதினார்கள். நிலக்கரிச் சுரங்கங்களில் வாயு வெடித்துத் தொழிலாளர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்று தெரிந்தாக வேண்டும். அவர்கள் போட்டது மிக எளிய வெப்பக் கணக்கு. சுடரிலிருந்து முன்னே கடத்தப்படுகிற வெப்பம் ஒரு பக்கம். இன்னும் எரியாத வாயுவைத் தீப்பற்றும் நிலைவரை சூடாக்கத் தேவையான வெப்பம் மறுபக்கம். இரண்டும் சமமாக இருக்கிற வேகத்தில்தான் சுடர் நகரும். அவ்வளவுதான்.

ஒவ்வொரு வாயுவும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் சட்டென்று தீப்பற்றும் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அப்படி ஒரு நிலையான எல்லை கிடையாது என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் அவர்கள் காட்டிய வழி இடிந்துவிடவில்லை. 1938இல் சோவியத் நாட்டில் செல்டோவிச்சும் பிராங்க்-கமெனெட்ஸ்கியும் அந்தக் குறையைத் திருத்தி எழுதியபோதும் கணக்கின் எலும்புக்கூடு அதேதான். ஓர் எடுகோள் பிழையானபோதும் கணக்கு ஏன் நின்றது? வெப்பம் காணாமல் போகாது என்ற அடித்தளத்தின்மேல் அது நின்றதால்.

இனி, திண்மமாக இருக்கிற வெடிபொருள் எப்படி எரிகிறது? 1938இல் பெல்யாயெவ் என்ற ஆய்வாளர் ஓர் உண்மையைக் கண்டார். எளிதில் ஆவியாகும் வெடிபொருள்கள் இருந்த இடத்திலேயே எரிவதில்லை. முதலில் மேற்பரப்பு ஆவியாகிறது. ஆவி கொஞ்சம் விலகிப்போய்ச் சுடராகிறது. அந்தச் சுடரின் வெப்பத்தில் ஒரு பங்கு திரும்பி வந்து அடுத்த அடுக்கை ஆவியாக்குகிறது. 1942இல் செல்டோவிச் இந்தப் பாதையில்தான் ரொக்கெட்டையும் பீரங்கிக் குண்டையும் தள்ளுகிற உந்துமருந்துகளின் எரிதலுக்குக் கணக்கு அமைத்தார்.

நாமும் போட்டுப் பார்ப்போம். பீரங்கி மருந்தின் மேற்பரப்பு ஏறத்தாழ 320 பாகையில் இருக்கிறது. 20 பாகையிலிருந்து அங்கே ஏற்ற, கிலோவுக்கு 0.4 மெகா யூல் போதும். அது எரிந்து தருவதோ ஏறத்தாழ 4 மெகா யூல். பத்தில் ஒரு பங்கைத் தனக்கென்று திருப்பி எடுத்துக்கொண்டால் அந்த நெருப்பு தன்னைத் தானே நடத்திக்கொள்ளும். மீதி ஒன்பது பங்கும் வேலைக்கு. திண்மத்துக்குள் சூடேறிய அடுக்கு எவ்வளவு தடிப்பம் தெரியுமா? செக்கனுக்கு ஒரு மில்லிமீற்றர் வேகத்தில் எரிந்தால் அந்த அடுக்கு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு. அதற்கு அப்பால் மருந்து கைக்குக் குளிராகவே கிடக்கும். அந்த மெல்லிய தோலுக்குள்தான் முழு நாடகமும்!

இன்னும் ஒரு படி. அதே மருந்தை 10 பாகைக் குளிரில் ஒரு முறையும், 40 பாகை வெயிலில் ஒரு முறையும் எரித்தால்? ஏற்ற வேண்டிய முந்நூறு சொச்சம் பாகையில் முப்பது மிச்சம். ஆகவே பத்தில் ஒரு பங்கு வேகம் கூட வேண்டும் என்று நம் துண்டுக் காகிதம் சொல்கிறது. ஆய்வுகூட அளவீடுகளும் அதையொட்டியே வருகின்றன. நூற்றுக்கணக்கான தாக்கங்களைக் கணினியில் ஏற்றிப் போடுகிற கணக்கு இதைவிடத் துல்லியமாகச் சொல்லும், மறுக்கவில்லை. ஆனால் காரணம் எது என்பதை இந்த நாலு வரிக் கணக்குத்தான் கண்முன் நிறுத்துகிறது.

இதே கணக்கு உயிரைக் காக்கும். அதைச் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கக் கூடாது.

1928இல் செமெனொவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி ஒன்றைக் கேட்டார். யாரும் தீ வைக்காமலே சில பொருள்கள் ஏன் வெடிக்கின்றன? அவர் விடையும் வரவு செலவுதான். மெல்லச் சிதைகிற பொருள் தனக்குள் கொஞ்சம் வெப்பத்தைப் பிறப்பிக்கிறது. அந்த வரவு வெப்பநிலையோடு பாய்ந்து ஏறும். வெளியே இழக்கிற வெப்பமோ நிதானமாகத்தான் ஏறும். செலவு வரவைத் தாங்கும்வரை ஒன்றும் நடக்காது. ஒரு புள்ளியைத் தாண்டினால் பிறகு யாரும் நிறுத்த முடியாது. குவியல் பெரிதாக ஆக அந்தப் புள்ளி கிட்டே வரும். பிராங்க்-கமெனெட்ஸ்கி இதைக் கணக்கில் காட்டினார். குவியலின் தடிப்பத்தை இரு மடங்காக்கினால் நடுப்பகுதியின் நெருக்கடி நாலு மடங்கு. சிறு பொதியில் சாதுவாக இருந்த பொருள் பெரும் குவியலில் பற்றிக்கொள்வது இதனால்தான்.

2015ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி சீனாவின் தியான்ஜின் துறைமுகக் களஞ்சியம் வெடித்ததே, நினைவிருக்கிறதா? 165 பேர் இறந்தார்கள், எட்டுப் பேரைக் காணவில்லை. பெரும்பாலோர் தீயை அணைக்கப் போனவர்கள். அரசாங்க விசாரணை என்ன கண்டது? கொள்கலனில் இருந்த நைத்திரோசெலுலோசு ஈரமாக இருந்தவரை பத்திரமாக இருந்தது. வெயிலில் அந்த ஈரப்பொருள் உலர்ந்தது. உள்ளே வெப்பம் சேர்ந்தது, தானாகவே தீப்பற்றியது. பக்கத்தில் இருந்த அமோனியம் நைத்திரேற்று பிறகு வெடித்தது. நம் உலையில் ஈரம் எதிரி. அங்கே அதே ஈரம்தான் காவல்காரன். கணக்கைப் பார்க்காமல் ஈரம் நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

இது சீனாவுக்கு மட்டும் உரிய கதை என்று நினைக்க வேண்டாம். ட்ரையரின் அடியில், சூடான தகட்டின்மேல், தேயிலைத் தூசி படிகிறது. ஒரு விரல் தடிப்பத்தில் படிந்த தூசி, மெல்லிதாகப் படிந்த தூசியைவிடக் குறைந்த சூட்டிலேயே கனன்று பற்றும். காரணம் செமெனொவ் சொன்ன அதே காரணம். ஒவ்வொரு நாளும் கூட்டித் துடைக்கச் சொல்வது அழகுக்காக அல்ல. ட்ரையரில் வேலை செய்கிற தம்பிமார் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வேலைக்கு நேரம் ஒதுக்கித் தருவது மேலே இருப்பவர்களின் பொறுப்பு.

கடைசியாக, நாம் குடியிருக்கிற லயத்துக்குள் வருகிறேன். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். 16 பாகையில் இருக்கிற ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க 0.33 மெகா யூல் வேண்டும். காய்ந்த விறகானால் 24 கிராம். ஒரு கைப்பிடி மிலாறு! மூன்று கல் அடுப்பில் எரிவதோ 150 முதல் 200 கிராமுக்கும் மேலே. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து நம் அக்காமார் தலையில் சுமந்து வருகிற விறகுக் கட்டில் பத்துக்கு எட்டுப் பங்குக்கு மேல் சட்டிக்குப் போகாமல் வீணாகிறது. பாதியாவது காயாத மிலாறு என்றால் புகை அந்தக் காம்பராவுக்குள்ளேயே சுற்றும். யார் கண்ணில்? யார் நெஞ்சில்? சட்டியை மூன்று பக்கமும் சூழ்ந்து நிற்கிற மண் அடுப்பும், புகை போக ஒரு குழாயும், விறகு காய ஒரு தகரத் தாழ்வாரமும் கேட்பது பெரிய கோரிக்கையா? தொழிற்சாலை விறகுக்குக் கூரை போட முடிந்தவர்களுக்கு லயத்து விறகுக்கும் கூரை போட முடியும். இதை நான் எந்த மேடையிலும் சொல்வேன்.

உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். புதிதாக வெட்டிய விறகில் பத்துத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தைக் கூரைக்குக் கீழே, காற்றுப் புகும்படி இடைவெளி விட்டு அடுக்குங்கள். ஐந்தை வெளியே மழையில் விடுங்கள். கிழமைக்கு ஒரு தடவை ஒவ்வொன்றையும் நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள். பக்கத்தில் அன்றைய மழையையும் எழுதுங்கள். கூரைக்குக் கீழே இருக்கிற துண்டுகளின் எடை எப்போது இறங்காமல் நிற்கிறதோ அந்தத் திகதியை வட்டமிட்டுக் கொண்டுவாருங்கள். ஹட்டனில் ஒரு திகதி வரும், நுவரெலியாக் குளிரில் இன்னொன்று வரும், இரண்டும் எனக்கு வேண்டும். டீமேக்கர் ஒருவரையும் தீ போடுகிற தொழிலாளி ஒருவரையும் நம்மோடு உட்காரவைத்து, எத்தனை கிழமை விறகு கையிருப்பில் இருந்தால் ஸ்டோருக்குப் பச்சைக் கட்டை போகாது என்று அப்போதே கணக்குப் போடுவோம்.